மலைக்குப் போகும் பையை முதலில் எடை போடுங்கள்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் ஒன்பதாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் போன மாதம் ஏற்காட்டில் இரண்டு நாள் மலைநடை போய் வந்தார்கள். முதுகில் பையைச் சுமந்து மேடு ஏறுவது பலருக்கும் இதுதான் முதல் தடவை. அடுத்த குழு ஜனவரியில் கிளம்புகிறது. "என்ன சார் வாங்கிக் கொடுக்கணும்?" என்று இப்போதே நிறைய பேர் கேட்கிறீர்கள். பெரிதாக எதுவும் வாங்க வேண்டாம். பையிலிருந்து எடுத்து வெளியே வைக்க வேண்டியவைதான் அதிகம்.

கிளம்புகிற அன்று காலை, பழைய பேப்பர் கடையில் தொங்கு தராசை இரவல் வாங்கி எல்லாப் பைகளையும் நிறுத்துப் பார்த்தோம். நாற்பது கிலோ பிள்ளையின் முதுகில் ஒன்பது கிலோ! திறந்தால் இரண்டு ஜீன்ஸ், கண்ணாடி ஜாடியில் எலுமிச்சை ஊறுகாய், அடுக்கு டிபன் கேரியர், வகுப்புக்கே போதுமான தட்டுவடை. அம்மாக்களின் அன்பு புரிகிறது, ஆனால் அதைச் சுமப்பது பிள்ளைதானே? பள்ளிப்பை உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020-இல் வந்த பள்ளிப்பைக் கொள்கை சொல்கிறது. மலைக்கும் அதையே வைத்துக்கொள்வோம். நாற்பது கிலோ பிள்ளைக்கு நான்கு கிலோ. இரண்டு லிட்டர் தண்ணீரே இரண்டு கிலோ ஆகிவிடும். மீதியில்தான் மற்றதெல்லாம் அடங்க வேண்டும்.

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கனக்கும், லேசில் காயாது. விளையாட்டு வகுப்புக்குப் போடும் டிராக் பேண்ட் போதும். ஆனால் ஸ்வெட்டர் கட்டாயம். நம் சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குளிர் கூடும். வியர்வையில் நனைந்த பனியனோடு காற்றில் உட்கார்ந்தால் நடுக்கம் வந்துவிடுகிறது, அதனால் மாற்றுப் பனியன் ஒன்று வையுங்கள். குடை பிடித்தால் ஒரு கை போய்விடும், மழைக்கோட்டு நல்லது. பைக்குள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரை விரித்து அதற்குள் துணிகளை அடுக்கினால் மழையிலும் நனையாது. கனமான பொருள் முதுகை ஒட்டி நடுவில் இருக்கட்டும். பட்டையை இறுக்கிவிடுங்கள். பை இடுப்புக்குக் கீழே தொங்கினால் தோள் இரண்டும் பின்னால் இழுபடும்.

ஷூ விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். பயணத்துக்கென்று முதல் நாள் வாங்கிய புது ஷூவோடு யாரும் வர வேண்டாம். போன முறை காலில் கொப்புளம் வந்தவர்களில் பெரும்பாலோர் புது ஷூ போட்டவர்கள்தான். அடிப்பகுதி தேயாத பழைய ஷூவே போதும். இரண்டு ஜோடி சாக்ஸ் வேண்டும். குதிகாலில் சூடு தெரிந்ததுமே நின்று பிளாஸ்திரி ஒட்டிவிட்டால் கொப்புளம் வராது. பிள்ளைகள் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை, நீங்களும் வீட்டில் சொல்லி அனுப்புங்கள். இறக்கத்தில் விரல்கள் ஷூவின் முனையில் இடிக்கும் என்பதால் கால் நகத்தை வெட்டிவிடுங்கள்.

அப்புறம், உடம்பு. கால்பந்து அணிப் பிள்ளைகள் முதல் அரை மணி நேரம் பறந்தார்கள், மதியத்துக்குள் துவண்டார்கள். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். மறுநாள் முதல், மெதுவாக நடப்பவர்களை முன்னால் விட்டோம். குழு சிதறவே இல்லை. சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்பது மலையேறுபவர்களின் பழைய கணக்கு. பையோடு போகும் பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதலாகவே ஆகும்.

ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது என்று எல்லோரும் புலம்பினார்கள். ஆனால் அடுத்த நாள் வகுப்பில் உட்கார முடியாமல் செய்தது இறக்கம்தான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. அந்த வலி உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகும். மைதானத்தைச் சுற்றி ஓடுவதால் மட்டும் இதற்குக் கால் பழகிவிடாது. எனவே இப்போதிருந்தே ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் ஊர்க் குன்றுகளான குமரகிரிக்கோ ஊத்துமலைக்கோ கூட்டிப்போய்ப் படி ஏறி இறங்கச் செய்யுங்கள். முதல் வாரம் வெறுங்கையோடு, பிறகு தண்ணீர் பாட்டிலோடு, கடைசி இரண்டு வாரம் முழுப் பையோடு. நீங்களும் கூடவே ஏறினால் பிள்ளைகள் சாக்குச் சொல்ல மாட்டார்கள்.

சாப்பாட்டுக்குப் புளிசாதம், வழியில் கொறிக்கக் கடலை மிட்டாய், உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு. தாகம் எடுக்கும் வரை காத்திராமல் அவ்வப்போது இரண்டு மடக்கு குடிக்கப் பழக்குங்கள்.

வனத்துறை அனுமதி பெற்ற பாதையில் மட்டுமே போகிறோம். காட்டெருமை நடமாட்டம் உள்ள பகுதி என்பதால் குழுவை விட்டு யாரும் பிரியக் கூடாது. ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு இருந்தால் மறைக்காமல் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். மருந்தையும் கொடுத்தனுப்புங்கள். சம்மதக் கடிதம் டிசம்பர் 20-க்குள் வர வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை, கட்டிய பையோடு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள். தராசு அலுவலக அறை வாசலில் தொங்கும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்