லாப்ரடோரோடு வந்த தம்பதிக்கு நன்றி

லண்டனில் ஒரு மனநல வார்டில் என் தம்பி மாதக்கணக்கில் இருந்தான். அங்கே வாரந்தோறும் தங்கள் கறுப்பு லாப்ரடோர் நாயைக் கூட்டிக்கொண்டு வந்த தம்பதிக்கு இந்த மடல். உங்கள் முகவரியை வார்டில் கேட்க முடியாது, அவர்கள் தரவும் கூடாது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

தம்பிக்கு மனச்சிதைவு. அப்போது குளோசபின் என்ற மருந்தைத் தொடங்கியிருந்தார்கள். முதல் 18 வாரமும் வாராவாரம் இரத்தப் பரிசோதனை, பகலெல்லாம் தூக்கம். அறையை விட்டு வெளியே வரவே மாட்டான். நாங்கள் போனால் "சாப்பிட்டியா, குளிச்சியா" என்பதைத் தாண்டி எங்களுக்குப் பேச்சு வராது. அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிடுவான். ஆனால் நடைபாதையில் நாயின் நகச் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருவான். அப்புறம் செருப்பைத் தேடுவான். ஒருநாள் கூடத்தில் அதன் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டே உங்களைக் கேட்டான்: "இவள் இன்றைக்குச் சாப்பிட்டாளா?"

அவன் காதில் கேட்ட குரல்கள் அடங்கியது மருந்தால்தான், அதில் எனக்குக் குழப்பமில்லை. கூடம் வரை அவனை நடக்க வைத்தது நீங்கள்.

உங்களுக்குச் சம்பளம் கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. 1983இல் தொடங்கிய 'பெட்ஸ் ஆஸ் தெரபி' தொண்டு நிறுவனத்தின் நாய்கள் எல்லாமே தொண்டர்களின் வீட்டுச் செல்லங்களாம். சத்தத்துக்கு மிரளுமா, தின்பண்டத்தைப் பறிக்காமல் வாங்குமா என்றெல்லாம் பார்த்துத்தான் சேர்க்கிறார்கள்.

ஒருமுறை நாய் அடிக்கடி கொட்டாவி விட்டது, உதட்டை நக்கியது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. நித்திரை வருகிறது என்றே நினைத்தேன். "களைத்துவிட்டாள், இன்றைக்குப் போதும்" என்று எழுந்துவிட்டீர்கள். தம்பிக்கு முகம் வாடிவிட்டது. அடுத்த வாரம், கொட்டாவி வந்ததும் கையை எடுத்தவன் அவன்தான்.

நாய்க்குப் பயந்தவர்களை வேறு அறையில் இருத்தி, தொட்டவர்கள் எல்லோரையும் கை கழுவ அனுப்பிய தாதிக்கும் நன்றி.

அம்மாவையும் சொல்ல வேண்டும். ஊரில் எங்கள் வீட்டு நாய் விறாந்தைப் படி ஏறியதில்லை. "ஆஸ்பத்திரிக்குள்ளே நாயா!" என்று முகம் சுளித்தவர், போன கிழமை பயித்தம் பணியாரம் செய்து தரட்டா என்று கேட்டார். நாய்க்கு அதெல்லாம் கொடுக்கக் கூடாது என்றேன். "நான் அந்த மனிசருக்குச் சொன்னனான்" என்றார்.

அன்புடன்,
அவனுடைய அக்கா