பிழைக்குப் பிழை என்றே பெயர் வையுங்கள்

பிரிட்டன் தபால் நிறுவன இயக்குநர் குழுவுக்கும் வணிகத் துறைக்கும்,

வணக்கம். இல்லாத பணக்குறைவைக் காட்டி, தபால் நிலையம் நடத்தியவர்கள் மேல் திருட்டு வழக்குப் போடவைத்த உங்கள் கணக்கு மென்பொருள், அதாவது ஹொரைசன் கணினி விவகாரத்தை உங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. குறைந்தது 13 பேர் இதனால் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்று விசாரணை அறிக்கையின் முதல் தொகுதி 2025 ஜூலையில் சொன்னது. அதற்குப் பிறகும் நீங்கள் நடத்தும் இழப்பீட்டுத் திட்டத்தின் பெயர் 'ஹொரைசன் ஷார்ட்ஃபால் திட்டம்'. அந்த 'ஷார்ட்ஃபாலை' எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். பணம் குறைந்தது என்கிறது அந்தச் சொல். பணம் எங்கும் போகவில்லை. உங்கள் கணினிதான் தப்புக் கணக்குக் காட்டியது.

ஹாம்ப்ஷையரில் சவுத் வார்ன்பரோ என்ற கிராமத்தில் தபால் நிலையம் நடத்திய ஜோ ஹாமில்டனை நினைத்துப் பாருங்கள். திரையில் 2,000 பவுண்டு குறைகிறது. உதவி எண்ணுக்குப் போன் செய்கிறார். அவர்கள் சொல்லச் சொல்ல பொத்தானை அழுத்துகிறார். கண்ணெதிரே அது 4,000 ஆகிறது! கட்டு என்றீர்கள். வீட்டை அடமானம் வைத்தார். கடைசியில் 36,000 பவுண்டு திருடியதாக வழக்கு. சிறைக்குப் பயந்து, பொய்க்கணக்கு எழுதியதாக ஒப்புக்கொண்டார். ஊர்க்காரர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள்.

அவர் கணக்கு உதைத்தால் திருட்டு, மோசடி. உங்கள் மென்பொருள் உதைத்தபோது? 2013-இல் உங்கள் தலைமை அதிகாரி பவுலா வென்னல்ஸ், 'பக்' என்பதற்குப் பதிலாக உறுத்தாத சொல் ஒன்றைத் தேடினார். 'எக்செப்ஷன்' (விதிவிலக்கு), 'அனாமலி' என்று அவருடைய கணவர் எடுத்துக்கொடுத்தார். 'பக்' என்றால் மென்பொருளில் கோளாறு, அதைச் செய்தவர் பதில் சொல்லியாக வேண்டும். 'அனாமலி' என்றால் வழக்கத்துக்கு மாறாக ஏதோ தென்பட்டது, அவ்வளவுதான். யாரையும் கேள்வி கேட்க முடியாது. ஹொரைசன் வழக்கை விசாரித்த நீதிபதி ஃப்ரேசர் 2019 தீர்ப்பில் 'பக்', 'எரர்' (பிழை), 'டிஃபெக்ட்' (குறைபாடு) என்று பட்டவர்த்தனமாக எழுதினார்.

மன்னிப்புக் கேட்கும்போதும் 'ஃபெய்லிங்ஸ்' என்கிறீர்கள். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால்தான் அந்தச் சொல் பொருந்தும். ஹொரைசனில் சிக்கல் இருப்பது தெரிந்தும் வழக்கு நடத்தினீர்கள் என்று 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. தெரிந்து செய்ததற்கு ஆங்கிலத்தில் 'ராங்டூயிங்' (தவறிழைத்தல்) என்ற சொல் இருக்கிறதே, அதை எழுத ஏன் கை வரவில்லை?

உங்களை மட்டும் சொல்லியும் பயனில்லை. நீதிமன்றம் கணினிச் சான்றை ஏற்குமுன் அந்தக் கணினி சரியாக வேலை செய்ததா என்று காட்டச் சொன்ன 1984 சட்டத்தின் பிரிவை, 1999-இல் ஒரு சட்டம் போட்டு நாடாளுமன்றமே நீக்கியது. கணினி சொன்னால் சரி, மனிதர் சொன்னால் பொய் என்ற நிலை அப்படித்தான் வந்தது.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பதற்குப் பெரிய செலவில்லை. திட்டத்தின் பெயரிலிருந்து 'ஷார்ட்ஃபாலை' எடுங்கள். பாதிக்கப்பட்டோருக்கு இனி அனுப்பும் ஒவ்வொரு கடிதத்திலும், பிழை எங்களுடைய கணினியில் இருந்தது, பணம் குறையவில்லை என்று முதல் வரியிலேயே தயவுசெய்து எழுதுங்கள்.

மரியாதையுடன்,
ஒரு வாசகர்