பிட்டுப் படத்திலிருந்து மாதச் சந்தா வரை

பாளையங்கோட்டை
ஐப்பசி 10

அன்புள்ள இசக்கி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மாதுங்காவில் மழை ஓய்ந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். இங்கே இப்போதுதான் பிடித்திருக்கிறது. குறுக்குத்துறை கோயிலைத் தண்ணீர் சுற்றிக்கொண்டதாகப் பையன்கள் சொன்னார்கள், முழங்கால் விடாததால் நான் போய்ப் பார்க்கவில்லை. உன் தம்பி வீட்டில் ஓடு மாற்றியாயிற்று. வடக்குச் சுவரில் மட்டும் ஈரம் நிற்கிறது, கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன்.

சரி, நீ கேட்ட விஷயம். 2025 ஜூலையில் மத்திய அரசு உல்லு, ஆல்ட் உட்பட 25 ஓடிடி தளங்களை மூடச் சொன்னதே, அதனால் ஊரில் பலான படம் பார்க்கிறது குறைந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறாய். செல்போன் கடை வைத்திருப்பவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று ஒரு குத்தல் வேறு. ஏலே, ஒன்றும் குறையவில்லை. ஆனால் ஏன் குறையவில்லை என்று சொல்ல வேண்டுமென்றால் கேசட் காலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரண்டு பேருக்கும் வேலையா வெட்டியா, படி.

தெற்கு பஜாரில் நம் வீடியோ கடை இருந்த இருப்பு உனக்குத் தெரியும். கேசட் ஓட்டுகிற டெக்கும் கலர் டிவியும் ஒரு ராத்திரி வாடகைக்குப் போகும். கோயில் கொடை, சடங்கு வீடு, பரீட்சை முடிந்த காலேஜ் பையன்கள். மூன்று படம் எடுப்பவன் நாலாவதாக லேபிள் ஒட்டாத கேசட் ஒன்றைக் கேட்பான், அதுவும் வாயால் கேட்க மாட்டான், கண்ணால் கேட்பான். மதுரையிலிருந்து ஒருவர் துணிப்பையில் கொண்டு வருவார். காப்பிக்குக் காப்பி எடுத்து, முகம் தெரியாத அளவுக்குத் தேய்ந்துபோன படங்கள். வாடகைக்குப் போய் வந்த கேசட்டைப் போட்டுப் பார்த்தால் படம் ஒழுங்காக ஓடி, ஒரே ஒரு இடத்தில் மட்டும் கோடு கோடாக விழும். அந்த இடத்தை எத்தனை தடவை ரீவைண்ட் பண்ணியிருக்கிறார்கள் என்று டேப்பே சொல்லிவிடும். ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைக்கிறது என் பாடு. அதாவது எவன் எதைப் பார்க்கிறான், எங்கே நிறுத்திப் பார்க்கிறான் என்பது கடைக்காரனான எனக்கு மட்டும் தெரியும். நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கடையை மூட வேண்டியதுதான்.

அப்புறம் ஜங்ஷன் பக்கம் காலைக் காட்சி. 2000 வாக்கில் ஷகிலா படங்கள் மலையாளத்தில் வரிசையாக வந்தபோது செங்கோட்டை தாண்டி நம் ஊருக்கும் படப் பெட்டி வந்தது. சென்சார் சர்டிபிகேட் வாங்கின படம் ஒன்று, நடுவில் ஆபரேட்டர் ஒட்டுகிற பிட் ஒன்று. பிட்டுக்கும் படத்துக்கும் சம்பந்தமே இருக்காது, நடிகை கூட வேறு ஆளாக இருப்பாள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போன பெரிய மனிதர்கள் இடைவேளையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பார்க்காதது மாதிரி டீ குடிப்பார்கள். கூட்டம் குறைந்துபோயிருந்த பல கொட்டகைகளுக்கு அந்தக் காலைக் காட்சிதான் கரண்டு பில் கட்டியது. அதற்குப் பிறகு விசிடி வந்தது, பிரவுசிங் சென்டரில் திரைச்சீலை போட்ட கேபின் வந்தது, மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுக்கிற கடைகள் வந்தன. பாட்டோடு பாட்டாக மற்றதும் ஏறும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் எல்லாம் ஒரே மழையில் அடித்துக்கொண்டு போயிற்று. அதுவரை ஒரு ஜிபி இருநூறு ரூபாய்க்கு மேல் விற்ற ஊரில் கார்டில் ஏற்ற எவன் வருவான்?

இது நம் பக்கத்துக் கதை. அந்தத் தொழிலின் தலைநகரமாக இருந்தது கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கு. கம்பெனி படம் எடுக்கும், கேசட்டோ டிவிடியோ விற்கும். நடிக்கிறவர்களுக்கு ஒரு காட்சிக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். படம் எத்தனை விற்றாலும் அதற்கு மேல் பங்கு கிடையாது. நியாயமான தொழில் என்று சொல்ல வரவில்லை, கணக்காவது இருந்தது. 2005இல் யூடியூப் வந்ததும் அதே பாணியில் இவர்களுக்கும் தளங்கள் முளைத்தன. போர்ன்ஹப் 2007. யார் வேண்டுமானாலும் ஏற்றலாம், யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். டிவிடியாக விற்றுக்கொண்டிருந்த படத்தை எவனோ வெட்டிப் பத்து நிமிஷமாக ஏற்றிவிடுவான். கம்பெனி புகார் எழுதி எடுக்க வைத்தால் நாளைக்கு இன்னொருத்தன் ஏற்றுவான். விளம்பரக் காசு தளத்துக்கு.

இதில் எனக்கு வியப்பு என்னவென்றால், கனடாவில் மான்ட்ரியலை மையமாக வைத்து நடந்த ஒரே கம்பெனி அந்த இலவசத் தளங்களையும் வைத்துக்கொண்டு, அவற்றால் நொடித்த ஸ்டூடியோக்களையும் விலைக்கு வாங்கியது. முதலில் மேன்வின் என்று பெயர், பிறகு மைண்ட்கீக், 2023இல் கைமாறி இப்போது ஐலோ. கிணற்றையும் வாங்கி, தண்ணீர் வண்டியையும் வாங்கிவிட்டான். நான் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது அவர்கள் சர்வரில் இருக்கிறது. எவன் எந்த நிமிஷத்தில் நிறுத்துகிறான், என்ன தேடுகிறான், எந்த ஊரில் எத்தனை மணிக்கு. அதில் ஒரு பங்கை வருஷாவருஷம் நாடுவாரியாகப் புள்ளிவிவரம் போட்டு விளம்பரமாகவே வெளியிடுகிறார்கள். எதை அதிகம் தேடுகிறார்களோ அதைப் பார்த்து அடுத்த படம்.

கேசட்டுக்கு ஒரு எல்லை இருந்தது பார், அதுதான் போயிற்று. சான் டியகோவில் ஒரு கம்பெனி மீது 22 பெண்கள் வழக்குப் போட்டு 2020 ஜனவரியில் ஜெயித்தார்கள், சுமார் 1 கோடியே 27 லட்சம் டாலர் இழப்பீடு. அந்தப் பெண்களிடம் என்ன சொல்லி நடிக்க வைத்தார்கள் தெரியுமா? டிவிடியாக வெளிநாட்டில் மட்டும் விற்போம், இணையத்தில் வராது, உங்களைத் தெரிந்தவர் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று. பழைய காலத்துக் கேசட்டின் எல்லையைக் காட்டி நம்ப வைத்திருக்கிறார்கள். படம் இணையத்தில் ஏறியதும் வீட்டாருக்கும் படித்த இடத்துக்கும் தெரிந்துபோயிற்று. அந்த வழக்கைப் பற்றிப் படித்த அன்றைக்கு, துணிப்பைக்காரர் கொண்டுவந்த கேசட்டுகளில் இருந்தவர்கள் யார், என்ன சொல்லிக் கூட்டி வரப்பட்டவர்கள் என்று நாம் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லையே என்று தோன்றியது.

படம் இலவசமான பிறகு எதை விற்பது? பேச்சை. 2016இல் லண்டனில் தொடங்கிய ஒன்லிபேன்ஸ் செய்தது அதுதான். ஒரு பெண்ணின் பக்கத்துக்கு மாதச் சந்தா கட்டு, அவள் போடுகிற படத்தைப் பார், அவளிடம் பேசு, தனியாக ஏதாவது வேண்டுமென்றால் தனிக் காசு. நூறு ரூபாய் வந்தால் எண்பது அவளுக்கு, இருபது தளத்துக்கு. ஸ்டூடியோ முதலாளி இல்லை, தன் கேமரா, தன் அறை, தன் நேரம். கொரோனாவில் உலகமே வீட்டுக்குள் கிடந்தபோது அது எங்கேயோ போய்விட்டது. நடிப்பவர்கள் கைக்குத் தொழில் திரும்பியது என்று எழுதினார்கள். பாதி உண்மை. 2023 கணக்கு ஆண்டில் ரசிகர்கள் கட்டிய தொகை 660 கோடி டாலர், கணக்கு வைத்திருந்த படைப்பாளர்கள் 41 லட்சம் பேர். நீ வங்கிக்காரன், வகுத்துப் பார். தளத்தின் பங்கைக் கழிக்காமலே தலைக்கு வருஷத்துக்குச் சுமார் ஆயிரத்து அறுநூறு டாலர்தான் வருகிறது, அதிலும் மேலே நிற்கிற சிலர் அள்ளிக்கொண்டது போகத்தான் மற்றவர்களுக்கு.

பேச்சு என்றேனே, அதுவும் அவள் பேச்சு இல்லை. பெரிய கணக்குகளை ஏஜென்சிகள் நடத்துகின்றன. அவள் பெயரில் ராத்திரி முழுக்கப் பதில் போடுவது பிலிப்பைன்ஸ் மாதிரி நாட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிற ஆட்கள். 'சாப்பிட்டாயா கண்ணு' என்று வருவதற்கு இவன் உருகிக் காசு அனுப்புகிறான், எழுதினவன் மீசை வைத்த ஆம்பிளையாகவும் இருக்கலாம். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வேண்டியது படம் இல்லை, யாராவது தன்னைக் கேட்க வேண்டும் என்பதுதான் என்று ஆகிவிட்ட பிறகு அதில் சிரிக்க என்ன இருக்கிறது.

நீ கார்டு பிரிவில் இருந்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டுகிறேன். எந்த அரசாங்கமும் செய்ய முடியாததைச் செய்தது உன் ஆட்கள்தான். 2020 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை வந்தது, போர்ன்ஹப்பில் சிறுமிகளின் படங்களும் சம்மதமில்லாத படங்களும் கிடக்கின்றன என்று. புகார் கொடுத்தவர்கள் பல வருஷமாகக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள், அசையவில்லை. விசாவும் மாஸ்டர்கார்டும் கையை இழுத்துக்கொண்ட சில நாளில், ஏற்றியவர் யாரென்று சரிபார்க்காத வீடியோக்களை எல்லாம் தளமே தூக்கியது. சுமார் ஒரு கோடி வீடியோ! மறு வருஷம் ஆகஸ்டில் ஒன்லிபேன்ஸ் இனிமேல் அப்பட்டமான படம் கூடாது என்று அறிவித்து, ஒரு வாரத்துக்குள் பின்வாங்கியது. வங்கிகள் நெருக்கின என்றார்கள். கெட்டவனைத் தடுக்கவும் அதே கை, சட்டப்படி பிழைக்கிற பெண்ணின் வருமானத்தை ஒரே அறிவிப்பில் நிறுத்தவும் அதே கை. அந்தக் கைக்கு ஓட்டுப் போட்டவர் யாரும் இல்லை. எனக்கு இதில் சந்தோஷமும் இருக்கிறது, பயமும் இருக்கிறது.

நம் நாட்டுத் தடைக்கு வருகிறேன். 2015இல் 857 தளங்களை மூடச் சொல்லி, சில நாளிலேயே பெரும்பாலானவற்றுக்குத் தடையைத் தளர்த்தினார்கள். 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 827 தளங்கள். போர்ன்ஹப் முகவரியின் வாலை, .com என்பதை .net என்று, மாற்றிக்கொண்டு உடனே திரும்பி வந்தது. உல்லு வகையறா வேறு ரகம். தியேட்டருக்கு சென்சார் உண்டு, ஓடிடிக்குக் கிடையாது. மத்திய அரசின் 2021 ஐடி விதிகள் வந்த பிறகும் வயது வகை போட்டுக்கொள்வது அவர்கள் பொறுப்புதான். அந்தச் சந்து வழியாக வந்ததுதான் இந்த இருபது நிமிஷக் கதைகள். நம் ஆபரேட்டர் ஒட்டிய பிட்டைத் தனியாகக் கழற்றி சந்தா போட்டு விற்கிறான், அவ்வளவுதான். 2024 மார்ச்சில் 18 தளம், 2025 ஜூலையில் 25. மூடின வாரத்தில் என் கடைக்கு வந்த பையன்கள் கேட்டது ஒன்றுதான்: 'அண்ணாச்சி, விபிஎன் எது நல்லது?' தடையைச் சுற்றிக்கொண்டு போக வைக்கிற ஆப் அது.

பிரிட்டனில் 2025 ஜூலையிலிருந்து வயதைச் சரிபார்க்காமல் காட்டக்கூடாது என்று சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதே மாதிரி வயதைச் சரிபார்க்கச் சொல்கிற டெக்சாஸ் சட்டம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதே வருஷம் ஜூனில் சொல்லிவிட்டது. அங்கேயும் விபிஎன்னுக்கு ஓடுகிறார்கள். இருந்தாலும் எட்டாம் வகுப்புப் பிள்ளை கையில் தானாக வந்து விழுவதற்கும், தேடிப் பிடித்து வேலி தாண்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்பது என் கட்சி.

இங்கே எனக்குக் கவலை வேறு. போன மாதம் கடைக்கு ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வந்தார், நமக்கு மூத்தவர். நம்பர் மாற்ற வேண்டும் என்றார். கை நடுங்கியது. வாட்ஸ்அப்பில் தெரியாத பெண்ணிடமிருந்து வீடியோ கால், எடுத்திருக்கிறார். அந்தப் பக்கம் ஓடியது எங்கேயோ பதிவு செய்த படம். இவர் முகத்தோடு சேர்த்து ரெக்கார்டு பண்ணி, மகளுக்கு அனுப்புவேன் என்று மிரட்டி இரண்டு தடவை ஜிபேயில் வாங்கிவிட்டான். மூன்றாவதுக்குத்தான் என்னிடம் வந்திருக்கிறார். காசு போடாதீர்கள், எதையும் அழிக்காமல் வையுங்கள் என்று சொல்லி சைபர் குற்றப் புகார் எண் 1930க்குப் போன் போட்டுக் கொடுத்தேன். பேசுவதற்குள் வேட்டி நனைந்ததுபோல் வியர்த்துவிட்டார். கொட்டகை இடைவேளையில் டீ குடித்தவர்களுக்கு இந்தப் பயம் இருந்ததில்லை. பார்த்தவனும் பார்க்கப்பட்டவனும் ஒரே தெருக்காரர்கள், இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

பையன்களிடம் இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன். குழந்தைகள் சம்பந்தப்பட்ட படம் எதுவும் குரூப்பில் வந்தால் போனில் வைத்திருக்காதே, புகார் கொடு என்று. வெறுமனே போனில் வைத்திருந்தது குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்துவிட்டது. பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது.

மாப்ளே, எனக்குப் பிடிபடாத ஒன்றை நீதான் விளக்க வேண்டும். இந்த மாதிரித் தளங்களுக்குக் கார்டு கம்பெனிகள் தனிக் குறியீடு போட்டு, கட்டணமும் கூட்டி வாங்குகிறார்கள் என்று படித்தேன். அப்படியென்றால் வங்கிக்கு முதல் நாளிலிருந்தே எது என்ன வியாபாரம் என்று தெரியும்தானே? தெரிந்தும் 2020 வரை ஏன் சும்மா இருந்தீர்கள்? உன் பழைய சகாக்களைக் கேட்டாவது எழுது. கருப்பட்டி உன் மருமகன் கையில் கொடுத்துவிடுகிறேன், அடுத்த வாரம் ரயிலேறுகிறானாம்.

அன்புடன்,
சங்கரன்