எத்தனாலுக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு,

ரத்த அழுத்த மாத்திரைகளைப் பசுமையான முறையில் பரிசோதிப்பது பற்றிய செய்தி, மருந்துத் தர ஆய்வகத்தில் வேலை பார்க்கும் எனக்கு ரொம்பவே மகிழ்ச்சி தந்தது. அம்லோடிபின், டெல்மிசார்டான் போன்ற மருந்துகளைக் கரைப்பானோடு ஒரு குழாய் வழியே ஓடவிட்டு, தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் நிமிடத்துக்கு 1 மில்லி கரைப்பான் ஓடினாலே, நாள் முழுக்க இயங்கும்போது கீழே இருக்கும் கேனில் 1.4 லிட்டர் கழிவு சேர்ந்துவிடும், அதுவும் பெரும்பாலும் அசிட்டோநைட்ரைல் என்ற நச்சுத் திரவம் கலந்தது.

அதற்குப் பதிலாக, பல மருந்துகளுக்கு நச்சு குறைந்த எத்தனாலே (சாராயத்தில் இருக்கும் ஆல்கஹால்) கரைப்பானாகப் போதும். அதன் பிசுபிசுப்பால் பம்பில் அழுத்தம் ஏறும் என்பது உண்மைதான். ஆனால் நாங்கள் பிரிப்புக் குழாயைக் கொஞ்சம் சூடாக்கியதும் அழுத்தம் இறங்கி, அம்லோடிபின், டெல்மிசார்டான் இரண்டும் தெளிவாகவே பிரிந்தன. அதிகாரப்பூர்வ மருந்துத் தர நூல்களில் எத்தனால் முறையையும் மாற்றாகச் சேர்த்தால், ஆய்வகங்கள் தயங்காமல் மாறும்.