எதிரிக்குக் காய்ச்சல்

லக்னோ,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. பதில் தாமதமானதற்கு டைபாய்டுதான் காரணம். கஞ்சியும் ரொட்டியுமாகப் பத்து நாள் ஓடியது. இப்போது எழுந்து நடமாடுகிறேன். எங்கள் வீட்டில் உளறிவிடாதே, அம்மா அடுத்த ரயிலிலேயே கிளம்பிவிடுவாள்.

படுத்திருந்தபோது மாடி வீட்டுப் பெரியவர் பார்க்க வந்தார். எண்பதைத் தாண்டியவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "சுனா ஹை, ஆப் கே துஷ்மனோன் கீ தபியத் நாசாஸ் ஹை" என்றார். அதாவது, 'உங்கள் எதிரிகளுக்கு உடம்பு சரியில்லையாமே!' ஜுரத்தில் பிதற்றுவது நானா அவரா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எனக்கு இருப்பதே ஆபீஸில் ஒரே ஒரு எதிரி, அவர் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். பிறகுதான் விளங்கியது. 'உங்களுக்கு நோய்' என்று வாய்விட்டுச் சொல்ல மனசு வராமல், அதைத் தூக்கி எதிரி தலையில் கட்டிவிடுகிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படியெல்லாம் பேசுவதில்லை. "தபியத் கராப் ஹை க்யா?" என்று கேட்டுவிட்டு போனைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

லக்னோ என்றாலே "பஹலே ஆப்", 'முதலில் நீங்கள்' என்று மாற்றி மாற்றிச் சொல்லியே இரண்டு நவாபுகள் ரயிலைத் தவறவிட்ட ஜோக்கைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது சலித்துவிட்டது. கடைத்தெருவில் காதில் விழுவதுதான் சுவாரஸ்யம். போன மாதம் அமீனாபாத்தில் துணி வாங்கிக்கொண்டிருந்தேன். மணி ஒன்பது இருக்கும். முதலாளி பையனைப் பார்த்து, "துகான் படா தோ" என்றார். 'படானா' என்றால் பெருக்குவது, வளர்ப்பது. கடையைப் பெரிசாக்கப் போகிறார் போல என்று நின்றால், பையன் கம்பியை எடுத்து ஷட்டரை மளமளவென்று இழுத்துவிட்டான்! மூடு என்று சொல்லக் கூடாதாம். விளக்கை அணைப்பதற்கும் பழைய ஆட்கள் இதே 'படானா'வைத்தான் சொல்வார்களாம்.

நம் ஆச்சி விளக்கை 'குளிர வை' என்பாளே, நினைவிருக்கிறதா? அந்தக் குளிர்ச்சியும் இங்கே இருக்கிறது. வளையலை உடைப்பதை 'சூடியா(ன்) டண்டி கர்னா', குளிர வைப்பது என்கிறார்கள். முஹர்ரம் பத்தாம் நாள் தாஜியாக்களை, அதாவது இமாம் ஹுசைன் கல்லறையின் மாதிரி வடிவங்களை, இந்த ஊர் தால்கட்டோரா கர்பலாவுக்குக் கொண்டுபோய்ப் புதைக்கிறார்கள். அதற்கும் 'டண்டா கர்னா'தான். புதைத்தோம் என்று யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

இதைத்தானே தமிழய்யா மங்கல வழக்கு என்று நடத்தினார்? சுடுகாட்டை நன்காடு என்பது, ஓலையைத் திருமுகம் என்பது. 'காராட்டை ஏன் ஐயா வெள்ளாடு என்கிறோம்?' என்று கேட்டுவிட்டு நீ பெஞ்ச் மேல் நின்றாய். நன்னூலில் இருப்பது நவாப் ஊரில் நடமாடுகிறது. என்ன, இவர்கள் கொஞ்சம் நாடகம் சேர்த்துக்கொள்கிறார்கள். கிளம்பும்போது 'ஜாதா ஹூ(ன்)' சொல்லாமல் 'ஆதா ஹூ(ன்)' என்று வீட்டுக்குள் சொல்வது அப்படியே நம் 'வர்றேன்'தான். பெரியவரோ அதிலும் ஒரு படி மேல். "இஜாஸத் தீஜியே", உத்தரவு கொடுங்கள் என்பார். கொடுத்த பிறகும் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்.

அப்பா கடையைத் தை மாதத்தோடு மூடப்போவதாக எழுதியிருந்தாய். 'மூடுகிறேன்' என்ற வார்த்தையை நீ எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருந்ததைப் பார்த்தேன். அந்த இடத்தில் எனக்கும் வேறு வார்த்தை வரவில்லை. பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "படா தீ" என்று மட்டும் சொன்னார்.

கல்லாப்பெட்டியை யாருக்கும் விற்றுவிடாதே, பொங்கலுக்கு வரும்போது நான் எடுத்துக்கொள்கிறேன். தராசும் இருந்தால் சரி.

வரட்டுமா,
உன் கடைசி பெஞ்ச்