கெய்ரோவின் இரவும் காஸ்பியாவின் வீடுகளும்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கண்ணில் புரை எடுத்ததால் எழுத்துப் பக்கமே போகக் கூடாது என்று வைத்திருந்தார்கள். இப்போது பரவாயில்லை. நீலம் நீலமாகவே தெரிகிறது; இத்தனை காலமும் எல்லாவற்றையும் டீ வடிகட்டித் துணி வழியாகப் பார்த்திருக்கிறேன் போல. அந்தச் சந்தோஷத்தில் பரணிலிருந்த ஓவியப் புத்தகங்களை எல்லாம் இறக்கிவிட்டேன். மருமகளுக்குத்தான் கோபம்.

எகிப்திய ஓவியர் மஹ்மூத் சயீத் வரைந்த ஆட்டக்காரி படத்தை அனுப்பியிருந்தாயே, பார்த்தேன். நல்ல கைதான், மறுக்கவில்லை. அலெக்சாண்ட்ரியாவில் நீதிபதியாக இருந்துகொண்டே வரைந்தவர், 1947-இல்தான் அந்த வேலையை விட்டார். ஆனால் அந்த ஆட்டக்காரியை அவர் எங்கே உட்கார்ந்து பார்த்தார் என்று யோசித்தாயா? முன் வரிசையில் ஒரு நாற்காலி ஆணுக்கு எப்போதும் உண்டு. கெய்ரோவின் காப்பிக் கடையில் ஹுக்கா பிடித்துக்கொண்டு விடியவிடியப் பகடை உருட்டியதும் ஆண்கள்தான். நல்ல குடும்பத்துப் பெண் அங்கே போய் உட்கார முடியுமா? அப்படியென்றால் பெண் ஓவியர்களுக்கு அந்த ஊரின் கலகலப்பு எந்தப் பக்கத்திலிருந்து கிடைத்தது என்பதுதான் எனக்குக் கேள்வி.

அதற்குத்தான் எகிப்தியப் பெண் ஓவியர் காஸ்பியா சிர்ரியின் படங்களைப் பார்க்கச் சொல்கிறேன். 1925-இல் கெய்ரோவில் பிறந்தவர், 2021-இல்தான் காலமானார். பாட்டி, அம்மா, சித்திகள் என்று பெண்கள் நிறைந்த வீட்டில் வளர்ந்தவர். பாரிஸில் பிரெஞ்சு ஓவியர் மார்செல் குரோமேரிடம் கற்றார், அப்புறம் ரோம், லண்டன். ஊர் ஊராகப் போய்ப் படித்தும் ஆரம்பகாலப் படங்களின் தடித்த கறுப்புக் கோட்டைப் பார்த்தால் பழைய எகிப்தியக் கல்லறைச் சுவர்களும் கோப்டிக் (எகிப்தியக் கிறிஸ்தவ) சித்திரங்களும்தான் நினைவுக்கு வருகின்றன. 1953-இல் வரைந்த ‘இரண்டு மனைவிகள்’ படத்தில் ஒரே ஆணுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு பேர். ஆண் படத்திலேயே இல்லை! எனக்கு அது போதும்.

அவர் இந்தப் பெண்களை வரையத் தொடங்கிய நேரத்தில் ஊர் எப்படி இருந்தது தெரியுமா? 1952 ஜனவரி 25-இல் சூயஸ் கால்வாய்ப் பக்கத்து ஊரான இஸ்மாயிலியாவில் பிரிட்டிஷ் படை எகிப்தியப் போலீஸ்காரர்களைச் சுட்டுக் கொன்றது. அந்த ஆத்திரத்தில் கூட்டம் தீ வைக்க, மறுநாள் கெய்ரோ பற்றி எரிந்தது. தீ முதலில் பிடித்தது ஆபெரா சதுக்கத்திலிருந்த ஒரு காசினோவில், அதாவது ஆட்டபாட்டக் கூடத்தில். ரிவோலி, மெட்ரோ சினிமாக்களும் ஷெப்பர்ட்ஸ் ஓட்டலும் போயின. சுமார் 750 கட்டடங்கள் என்பார்கள். வெள்ளைக்காரர்களும் பாஷா பட்டம் பெற்ற பெரிய மனிதர்களும் குடித்துக் களித்த இராத்திரிக் கெய்ரோவில் பெரும்பகுதி ஒரே நாளில் சாம்பல். ஜூலையில் ஃபாரூக் ராஜாவும் பதவியிழந்து நாட்டைவிட்டுப் போய்விட்டார்.

சாதாரண ஜனங்களின் இராத்திரி எரியவில்லை. மாதத்தின் முதல் வியாழக்கிழமை பாடகி உம் குல்சூம் பாடினால் வீட்டுக்கு வீடு ரேடியோ. ஒரு பாட்டே ஒரு மணி நேரம் ஓடும். ரமலான் மாதத்தில் நடுச்சாமம் வரை தெரு விழித்திருக்கும். அதையெல்லாம் பெண்கள் கேட்டது ஜன்னலிலிருந்தும் மொட்டைமாடியிலிருந்தும். காஸ்பியாவோடு ஒரே நவீனக் கலைக் குழுவில் இருந்த ஓவியர் ஸைனப் அப்துல் ஹமீதும் ஜனநெருக்கடி மிகுந்த தெருக்களை மேலேயிருந்து எட்டிப் பார்த்தாற்போலவே நீர்வண்ணத்தில் வரைந்தார். இருவருக்கும் பொதுவான இடம் அந்த ஜன்னல்தான் என்று எனக்குப் படுகிறது. நீ சண்டைக்கு வரலாம்.

காஸ்பியா அறுபதுகளில் வீடுகளையே வரையத் தொடங்கினார். வண்ணக் கட்டம் கட்டமாய் ஒன்றின் தோளில் ஒன்று ஏறிய வீடுகள், நடுவே ஊசி நுழைய இடமில்லை. சுவர் எங்கே முடிகிறது, மனிதர் எங்கே ஆரம்பிக்கிறார் என்று பிடிபடாது. ஜன்னலைப் பார்த்தால் கண், கண்ணைப் பார்த்தால் ஜன்னல். 1967 போரில் எகிப்து இஸ்ரேலிடம் தோற்ற பிறகு அதே வீடுகளின் முகம் தொங்கிப்போகிறது. கூட்டம் குறையவில்லை, சத்தம் மட்டும் மாறிவிடுகிறது. சயீத்தின் ஆட்டக்காரியை ஒரு தரம் பார்த்தால் போதும். இந்த வீடுகளை நான் எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன், கணக்கு வரவே மாட்டேன் என்கிறது.

ராஜா போன பிறகு எகிப்தை ஆண்ட நாசர் காலத்துக் கலை என்றாலே அரசாங்கப் பிரசாரச் சுவரொட்டி என்று நீ சொல்வாய். காஸ்பியா 1960-இல் வரைந்த ‘பட்டம்’ (காற்றாடிதான்) படத்தைப் பார்த்துவிட்டுச் சொல். கெய்ரோ நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது, இணையத்திலும் கிடைக்கும். போனில் பார்க்காதே, உன் பேத்தியின் மடிக்கணினியை வாங்கிப் பெரிதாக்கிப் பார்.

சரி, ரவியின் மாற்றல் என்ன ஆயிற்று? கோவைக்கே கிடைத்துவிட்டால் சொல், புத்தகத்தை அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் முனை மடங்கிவிடும்.

அன்புடன்,
சரோஜா