கையெழுத்துக்கு முன் விளக்கம் வேண்டும்

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகத்தினருக்கும் குழந்தை அறுவை மருத்துவர்களுக்கும்,

வணக்கம். என் மகனின் முன்தோல் நீக்க (சுன்னத்) அறுவை சிகிச்சை கடைசி நேரத்தில் ஏன் நின்றது என்பது உங்களுக்குத் தெரியும். நான் கையெழுத்துப் போடவில்லை.

அவனுக்கு உடை மாற்றிய பிறகு, ஆபரேஷன் தியேட்டர் வாசலில்தான் அந்தச் சம்மதப் படிவம் என் கைக்கு வந்தது. எல்லாம் விளக்கப்பட்டது, புரிந்துகொண்டேன் என்று அதில் முன்கூட்டியே அச்சாகியிருந்தது. ஏழு வயதுப் பையன், "அப்பா, எனக்கு என்ன பண்ணப் போறாங்க?" என்று கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை. அவன் தலைக்கு மேலே என்னிடம் பேனாவை நீட்டினார்கள். மறுபடி கேட்டான். "ஒண்ணுமில்லடா, பேசாம படு" என்றார் ஒருவர். மயக்க மருந்து கொடுத்து உடலில் ஒரு பகுதியை எடுக்கப்போகும் பிள்ளைக்குச் சொல்லும் பதிலா அது?

சிறு வயதில் முன்தோல் பின்னால் நகராதது பெரும்பாலும் இயல்புதான், வளர வளரத் தளர்ந்துவிடும். தழும்பில்லாத இறுக்கம் என்றால் ஸ்டீராய்டு களிம்பைச் சில வாரம் தடவினாலே பலருக்குச் சரியாகிறது. இதை நீங்கள் சொல்லவில்லை, நானாகத் தேடிப் படித்தேன். எச்.ஐ.வி. தொற்றைக் குறைக்கும் என்றீர்கள். சரி, ஆனால் அதைக் காட்டிய, ஆப்பிரிக்காவில் நடந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் தாங்களே சம்மதித்த வளர்ந்த ஆண்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் 2012இல் ஆபத்தைவிட நன்மை கூடுதல் என்றது. ஆனாலும் எல்லா ஆண் குழந்தைக்கும் செய்யப் பரிந்துரைக்கும் அளவுக்கு இல்லை என்று சொல்லி, முடிவைப் பெற்றோரிடம் விட்டது. எதுவும் தெரியாத பெற்றோர் எதை வைத்து முடிவெடுப்பார்கள்?

மத நம்பிக்கையால் செய்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் வலி, இரத்தக்கசிவு, தொற்று பற்றி விளக்கியாக வேண்டும். பிள்ளைக்குப் பதிலாகப் பேசும் பொறுப்பு எங்களுக்கு இருக்கிறது. அதைச் செய்யத் தேவையான விவரத்தை எங்களுக்குத் தர வேண்டியவர்கள் நீங்கள். இந்தப் படிவம் நோயாளிக்காக எழுதப்பட்டதாகத் தெரியவில்லை, நாளைக்கு வழக்கு வந்தால் உங்களைக் காப்பாற்றவே எழுதப்பட்டதாகத் தோன்றுகிறது.

கோபத்தில் எழுதிவிட்டேன், ஆனாலும் பணிவாகவே கேட்கிறேன். ஒரு நாளாவது முன்னதாக உட்காரவைத்து விளக்குங்கள். களிம்பு, காத்திருத்தல் இரண்டையும் படிவத்திலேயே எழுதுங்கள். அவசரமில்லை என்றால் அவசரமில்லை என்றே சொல்லுங்கள். விவரம் தெரிந்த பிள்ளையிடம் அவனுக்குப் புரியும்படி பேசி, அவன் விருப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் கையெழுத்தை அதற்கு அப்புறம் கேளுங்கள்.

எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்